மரத்தில் கடைந்த சுருட்டுச் சாம்பல் கிண்ணம்: மெருகு நிலைத்திருக்க என்ன செய்ய வேண்டும்?

இளங்கடைசல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சுருட்டுப் பழக்கமுள்ள என் தாய்மாமாவுக்கு மரத்தில் ஒரு சாம்பல் கிண்ணம் கடைந்து கொடுக்க எண்ணியிருக்கிறேன். பழைய கட்டிலொன்றின் ஈட்டி மரக் கால்கள், நன்கு உலர்ந்த தூங்குமூஞ்சிப் பலகை, சில தேக்குத் துண்டுகள் ஆகியவை என்னிடம் உள்ளன. இணையத்தில் காணும் படங்களில் பல கிண்ணங்கள் உள்ளும் புறமும் முழுவதும் மரமாகவே, கண்ணாடிபோலப் பளபளக்கின்றன. அவை ஓராண்டு புழக்கத்திற்குப் பிறகும் அப்படியே இருக்குமா என்று எனக்கு ஐயமாக உள்ளது. எந்த மரம் ஏற்றது, எந்த மெருகு தாங்கும், பின்னர் அதைப் பேணுவது எப்படி என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெட்பாலை

தம்பிக்கு வணக்கம். மெருகைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் நெருப்பைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். மரம் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசுக்குள் கருகத் தொடங்கிவிடும். புகையிலைக் கங்கின் வெப்பமோ அதைவிடப் பன்மடங்கு. சிகரெட் கங்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள், இழுக்கும் நேரத்தில் அது 900 பாகையைத் தொடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று மரத்தைக் காக்கக்கூடிய எண்ணெயோ, அரக்கோ, வார்னிஷோ எதுவும் கிடையாது. ஆகவே முழுவதும் மரமாக உள்ள கிண்ணம் படத்திற்கு மட்டுமே உதவும். புழங்கும் கிண்ணத்திற்கு உள்ளே தனியாக எடுத்து வைக்கக்கூடிய ஓர் உட்கலம் கட்டாயம் வேண்டும். அது பித்தளையாக இருக்கலாம், செம்பாக இருக்கலாம், சுட்ட மண்ணாகவோ கல்லாகவோ கூட இருக்கலாம். மரத்தின் வேலை அந்தக் கலத்தை ஏந்தி நிற்பதும், கைக்கும் கண்ணுக்கும் இதமாக இருப்பதும்தான். கங்கும் சாம்பலும் அதைத் தொடவே கூடாது. இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் மெருகைப் பற்றிய கேள்விகளில் பாதி தாமாகவே எளிதாகிவிடும்.

கிண்ணத்தைக் கடைந்துவிட்டு அதற்கேற்ற கலத்தைத் தேடி அலையாதீர்கள். முதலில் பாத்திரக் கடைக்குப் போய், விளிம்பு சற்று வெளியே மடிந்த, 10 முதல் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள கனமான பித்தளைக் கிண்ணமோ தட்டோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பட்டறையில் கண்முன் வைத்துக்கொண்டு, அதன் அளவுக்குக் குழியைக் கடையுங்கள். வாங்கும்போது அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் பூசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழகுப் பொருளாக விற்கப்படும் பித்தளையில் பெரும்பாலும் பூசியிருப்பார்கள், அது முதல் சுருட்டிலேயே பழுப்பாகக் கருகி நாறும்.

உறையூர்க்காரர்

வெட்பாலை ஐயா சொன்னதோடு, சுருட்டு எப்படி எரிகிறது என்பதையும் கடைபவர் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் சுருட்டு பெயர் பெற்ற தொழில்; திருச்சிராப்பள்ளிச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போயிற்று. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. சிகரெட்டுக்கான சாம்பல் கிண்ணத்தை அப்படியே பெரிதாக்கினால் சுருட்டுக்கானது ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. நல்ல சுருட்டின் சாம்பல் தூளாக உதிர்வதில்லை. ஓர் அங்குல நீளம் வரை கட்டியாக நின்று, பின்பு துண்டாக விழும். அந்தத் துண்டு விழுந்து உடையும்போது சிதறாமல் இருக்க வாய் அகன்ற கலம் வேண்டும். சுருட்டை நசுக்கி அணைக்கும் வழக்கமும் இல்லை. நசுக்கினால் அறை முழுவதும் காட்டமான வாடை பரவும். சும்மா கிடத்திவிட்டால் சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடும். அதனால் அது கிண்ணத்தின் விளிம்பில் நெடுநேரம் கிடக்கும் பொருள் என்பதை மனத்தில் வைத்துத்தான் வடிவம் அமைக்க வேண்டும்.

விளிம்பில் வெட்டும் பள்ளத்தின் அகலத்தையும் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். வெளிநாட்டுச் சுருட்டின் பருமனை அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு என்னும் அலகால் சொல்வார்கள். 42 என்றால் 16.7 மில்லிமீட்டர், 50 என்றால் 19.8 மில்லிமீட்டர், இப்போது விற்பனையாகும் தடித்த வகைகளில் 60 என்றால் 23.8 மில்லிமீட்டர். ரோபஸ்டோ என்னும் வகை 5 அங்குல நீளமும் 50 பருமனும் கொண்டது. சர்ச்சில் 7 அங்குலமும் 47 பருமனும். நம் ஊர்ச் சுருட்டு பெரும்பாலும் இவற்றைவிட மெலிந்தது, இரு முனையும் திறந்தது. மாமா எந்த வகையைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டு, அதைவிட 2 மில்லிமீட்டர் கூடுதலாகப் பள்ளம் வெட்டுங்கள். பள்ளம் குறுகலாக இருந்தால் சுருட்டைச் சுற்றியுள்ள மேலிலை கிழியும். நீளம் 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பாதி எரிந்த சுருட்டு பின்பக்கம் கனத்துக் கவிழ்ந்து விழும்.

இளங்கடைசல்

மிக்க நன்றி ஐயா. மாமா இரண்டு வகையும் பயன்படுத்துகிறார், பெரும்பாலும் 50 பருமனுக்கு உட்பட்டவை. பள்ளமும் மரத்தில்தானே வெட்டப்படும்? சுருட்டு அங்கேயே எரிந்து வந்து நின்றால் என்ன ஆகும்?

வெட்பாலை

நல்ல கேள்வி. எரிமுனை உட்கலத்தின் நேர்மேலே, மரத்திலிருந்து குறைந்தது 3 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படிதான் சுருட்டைக் கிடத்துவோம். ஆனால் பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டால், கங்கு மெல்லப் பின்வாங்கிப் பள்ளத்தை நோக்கி வரும். பெரும்பாலும் வழியிலேயே அணையும். எப்போதும் அணையும் என்று நம்பியிருக்க முடியாது. நீங்கள் பார்க்கும் பழைய கிண்ணங்களில் விளிம்பின் உட்பக்கத்தில் கரிந்த வடு இருப்பது இதனால்தான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பித்தளைத் தகட்டை அரைவட்டமாக வளைத்துப் பள்ளத்தில் பதித்து, பித்தளைத் திருகாணியால் பொருத்துவது ஒன்று. பள்ளமே உட்கலத்தின் மடிந்த விளிம்பில் அமையும்படி கலத்தைச் செய்துகொள்வது மற்றொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனெனில் மரத்தில் வெட்டு விழாமல் வட்டம் முழுமையாக நிற்கும்.

கல்சட்டி

பித்தளையைப் பற்றியே பேசுகிறோம். சேலம் பக்கத்தில் சமையலுக்குக் கல்சட்டி செய்யும் மாக்கல்லை யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். மாக்கல் மிக மென்மையானது. உளியால் கடையலாம், உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றலாம். அடுப்பு வெப்பத்தையே தாங்கும் கல்லுக்குச் சுருட்டுக் கங்கு ஒரு பொருட்டன்று. பித்தளை கங்கின் வெப்பத்தை உடனே விளிம்புக்கும் மரத்துக்கும் கடத்திவிடும். மாக்கல் மெல்லத்தான் சூடேறும், கனமாகவும் இருப்பதால் கிண்ணம் தட்டுப்பட்டுக் கவிழாது. சாம்பல் நிறக் கல்லும் ஈட்டியின் கருஞ்சிவப்பும் சேர்ந்து நிற்பது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பித்தளைபோல மாதந்தோறும் துலக்க வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் கல்லைக் கடையும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல் செய்யும். ஈரப்படுத்திக்கொண்டு, நல்ல முகமூடி அணிந்துதான் செய்ய வேண்டும். உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் கல்சட்டி செய்பவரிடமே அளவைக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

ஈட்டிமரம்

நான் பழைய மரப் பொருள்களைச் செப்பம் செய்பவள். மலைத்தோட்ட பங்களாக்களிலிருந்து வரும் மேசைச் சாமான்களோடு இத்தகைய கிண்ணங்களும் அவ்வப்போது என் மேசைக்கு வரும். அவற்றில் நெருப்புக் காயத்தைவிட அதிகமாக நான் காண்பது வெடிப்பு. காரணம் ஒன்றுதான்: உலோகக் கலத்தைக் குழிக்குள் இம்மியும் இடைவெளி இல்லாமல் இறுக்கிச் செருகியிருப்பார்கள், அல்லது பசை வைத்து ஒட்டியிருப்பார்கள்.

மரம் ஈரம் குறையும்போது குறுக்குவாட்டில் சுருங்கும், உலோகம் சுருங்காது. மழைக்காலச் சென்னையில் கடைந்த தேக்குக் கிண்ணம் குளிரூட்டிய அறைக்குப் போய் அதன் ஈரம் 12 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுக்கு இறங்கினால், 120 மில்லிமீட்டர் அகலமுள்ள குழி ஒரு திசையில் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் குறுகும். இழைநீள வாக்கில் ஒன்றும் குறையாது. அதாவது வட்டமாகக் கடைந்த குழி முட்டை வடிவமாகும். உள்ளே விட்டுக்கொடுக்காத பித்தளை இருந்தால் மரம்தான் பிளக்க வேண்டும். எனவே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கடையுங்கள், மடிந்த விளிம்பு அதை மறைத்துக்கொள்ளும். குழியின் அடியில் மூன்று இடங்களில் சிறு தக்கைத் துண்டுகளை வைத்து அதன்மேல் கலத்தை உட்கார வைத்தால், அடியிலும் காற்று இருக்கும், வெப்பமும் மரத்துக்குப் போகாது.

இந்தக் காரணத்துக்காகவே உங்களிடம் உள்ள மூன்று மரங்களில் நான் தூங்குமூஞ்சியைத் தேர்ந்தெடுப்பேன். விறகு மரம் என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது சுருங்குவது மிகக் குறைவு. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் தேக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்குகிறது, தூங்குமூஞ்சி 3.5 விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. அதன் வைரப்பகுதியில் பொன்னும் காப்பிக்கொட்டை நிறமும் கலந்து ஓடும் ரேகைகள் எந்த விலையுயர்ந்த மரத்துக்கும் குறைந்தவையல்ல. ஈட்டிக் கால்களை அதன் அடிப்பாதங்களுக்கும் விளிம்பு வளையத்துக்கும் பயன்படுத்துங்கள். கட்டில் கால் எவ்வளவு தடிமன் என்று தெரியவில்லை, ஆனால் 18 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு எப்படியும் போதாது.

வேதிப்பாடம்

கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். மரவேலை என் கணவருடையது. பேணுதல் பற்றி இதுவரை யாரும் சாம்பலைத் தொடவில்லை என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புகையிலைச் சாம்பலில் பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் கார்பனேட்டுகள் நிறைந்துள்ளன. உலர்ந்திருக்கும் வரை அது தீங்கற்ற தூள். ஒரு துளி நீர் பட்டதும் அது காரக் கரைசலாகிறது. காரம் மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள்களோடு வினைபுரிந்து மரத்தைக் கருமையாக்கும், அரக்கு மெருகையும் கரைத்துவிடும். ஆகவே மக்கள் வழக்கமாகச் செய்வது, அதாவது சாம்பலைக் கொட்டிவிட்டு உடனே ஈரத்துணியால் துடைப்பது, மிகவும் தவறான முறை. முதலில் உட்கலத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். மரத்தில் சிதறியுள்ள சாம்பலை மென்மையான தூரிகையால், கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிவிட வேண்டும். பிறகு உலர்ந்த துணி. எல்லாம் முடிந்தபின் தேவைப்பட்டால் மட்டும், நன்கு பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து உடனே உலர்த்தலாம்.

வேங்கை மரத்தில் செய்யலாமா என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். வேங்கைக் குவளையில் ஊற்றிய நீர் சற்று நேரத்தில் நிறம் மாறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நீரில் அவ்வளவு எளிதாகச் சாயம் விடும் மரத்தில் ஈரச் சாம்பல் பட்டால் கறை மரத்தோடு நிற்காது, மேசை விரிப்புக்கும் இறங்கும்.

இரும்பையும் விலக்குங்கள். கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்து நம் முன்னோர் கருமையான மை தயாரித்தார்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் விளையும் நிறம் அது. இரும்புத் திருகாணி போட்ட தேக்கில் அதைச் சுற்றிக் கருநீல வளையம் தோன்றுவதும் அதே வினைதான். மெருகு தேய்க்க எஃகுக் கம்பளியைப் பயன்படுத்தினால் அதன் நுண்ணிய துகள்கள் மரத்துளைகளில் தங்கி, மழைக்காலத்தில் கரும்புள்ளிகளாக வெளிப்படும். நைலான் தேய்ப்பானைப் பயன்படுத்துங்கள்.

இளங்கடைசல்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தூங்குமூஞ்சி என்று முடிவு செய்துவிட்டேன். இனி மெருகைப் பற்றிக் கேட்கலாமா? வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்கிறார்கள். கடைக்காரர் பாலியூரித்தேன் என்னும் செயற்கை வார்னிஷ்தான் நிலைக்கும் என்கிறார். சிலர் எப்பாக்சி என்னும் செயற்கைப் பிசினை ஊற்றி வண்ணம் சேர்த்துச் செய்வதையும் பார்த்தேன்.

வெட்பாலை

எப்பாக்சியை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். மேசைப் பலகைக்கு ஊற்றும் சாதாரண எப்பாக்சிகள் 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். கங்கு விழுந்தால் கொப்பளித்து, எரிந்து, நச்சுப் புகை விடும்.

தேங்காய் எண்ணெய் தடவிய அன்று மரம் மிக அழகாகத் தோன்றும். ஆனால் அது காற்றில் உறையாத எண்ணெய். பிசுபிசுப்பாகவே தங்கி, காறல் வாடை அடிக்கும். சாம்பல் கிண்ணத்தில் அதன் கேடு இன்னும் அதிகம், ஏனெனில் பறக்கும் சாம்பல் தூள் முழுவதும் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு துடைத்தாலும் போகாமல் ரேகைகளுக்குள் இறங்கும். உறையும் எண்ணெய் வேண்டும் என்றால் ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய். மெல்லிதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்து, காயவிட்டு, மறுபடி தடவ வேண்டும். துடைத்த துணியை மட்டும் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உறையும்போது வெப்பம் வெளிவிடும். குவித்துப் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது நீரில் ஊறவைத்துவிடுங்கள்.

ஈட்டியில் எண்ணெயும் பாலியூரித்தேனும் எளிதில் காயாது, ஏனெனில் அந்த மரத்திலுள்ள பொருள்கள் உறைதலைத் தடுக்கின்றன. தேக்கிலும் ஓரளவு அப்படியே. பூசுவதற்குச் சற்று முன்னால் தின்னரால் துடைத்துவிட்டு, மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூசிவிட்டால் அந்தத் தொல்லை நீங்கும். அதன்மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

என் சொந்தத் தேர்வு அரக்கு. என் பெயரே வெட்பாலை. கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் பொம்மை கடைய அந்த மரத்தைத்தான் எடுக்கிறார்கள். சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்துவார்கள், உராய்வின் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் பரவும், பின்பு தாழை ஓலையை வைத்து அழுத்தினால் மெருகு ஏறும். வேறு எந்தப் பூச்சிலும் அந்த ஆழமான ஒளியை நான் பார்த்ததில்லை.

உப்புத்தாள்

மன்னிக்க வேண்டும் ஐயா, இங்கே நான் மாறுபடுகிறேன். அறைகலன் மெருகேற்றும் தொழிலில் இருக்கிறேன். கடைசல் உராய்விலேயே இளகும் பொருளை நெருப்பு வைக்கும் கிண்ணத்தின்மேல் பூசச் சொல்வது எப்படிப் பொருந்தும்? அரக்கு 70 பாகை அருகிலேயே மென்மையாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், சுருட்டுப் பிடிக்கும் பலருக்குப் பக்கத்தில் ஒரு மதுக் குவளையும் இருக்கும். அரக்கு சாராயத்தில் கரையும் பொருள். ஒரு சொட்டு விஸ்கி சிந்தி, துடைக்காமல் விட்டால் வெண்ணிறத் தடம் விழும். புகை படிந்து உண்டாகும் பழுப்புப் பிசுக்கைப் போக்குவதற்கும் ஸ்பிரிட்தான் எளிய வழி, அரக்குப் பூசிய பொருளில் அதைத் தொடவே முடியாது. விடுதிகளுக்குச் செய்துகொடுக்கும் எவரும் பாலியூரித்தேனைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மூன்று மெல்லிய கைகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் 320 எண் உப்புத்தாள், கடைசியில் பளபளப்பு இல்லாத அரைமெருகு. நான் இதையே பரிந்துரைப்பேன்.

வெட்பாலை

உங்கள் மறுப்பு நியாயமானது. விடுதியில், யார் யாரோ புழங்கும் இடத்தில், நானும் பாலியூரித்தேனையே பூசுவேன். ஆனால் உட்கலம் சரியாக அமைந்த கிண்ணத்தில் வெளிமரம் 70 பாகையை எட்டுவதே இல்லை. எட்டுகிறது என்றால் வடிவத்தில்தான் பிழை இருக்கிறது, மெருகை மாற்றி அதைத் திருத்த முடியாது. ஒருவருக்காக ஒருவர் கடைந்து கொடுக்கும் பொருளில் நான் பார்ப்பது பழுதுபார்க்கும் வசதியை. அரக்கில் விழுந்த கீறலையோ வெண்தடத்தையோ, அதே அரக்கைத் துணிப்பந்தில் தொட்டு அரை மணி நேரத்தில் கலந்துவிடலாம். புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். பாலியூரித்தேனில் ஒரு மூலை கருகினால் அந்த இடத்தை மட்டும் திருத்தித் தடம் தெரியாமல் இணைப்பது மிகக் கடினம். பெரும்பாலும் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கிண்ணம் அழகாக இருக்க வேண்டுமென்றால் எது கெடாது என்பதைவிட எதைத் திருத்த முடியும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஈட்டிமரம்

இந்த வாதத்தில் நான் வெட்பாலை ஐயாவின் பக்கம். என் மேசைக்கு வந்த பழைய பொருள்களில் அரக்கு மெருகுள்ளவற்றை மீட்பது எப்போதும் எளிதாகவே இருந்திருக்கிறது. ஆனால் அதன்மேல் மெழுகு அவசியம். தனித் தேன்மெழுகு 62 பாகையிலேயே உருகும், விரல் தடமும் பதியும். கார்னாபா மெழுகு 82 பாகைக்கு மேல்தான் உருகும், கடினமானது, தனியாகத் தேய்க்கக் கைவலிக்கும். இரண்டையும் உருக்கிக் கலந்து, அடுப்பிலிருந்து இறக்கி, தீ எதுவும் அருகில் இல்லாத இடத்தில் டர்பன்டைனில் இளக்கி வைத்துக்கொண்டால் நல்ல பசை கிடைக்கும். மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை மிகச் சிறிதளவு தடவி, காயவிட்டு, பருத்தித் துணியால் தேய்த்தால் போதும். நிறையத் தடவினால் மெருகு கூடும் என்று எண்ணுகிறவர்களின் கிண்ணங்களில்தான் அழுக்குப் படலம் காண்கிறேன்.

புகைப் பிசுக்குக்கு ஸ்பிரிட் தேவையில்லை. கெட்டியான குளியல் சோப்பின் நுரையை மட்டும் துணியில் எடுத்து, பிழிந்து, சிறு சிறு பகுதியாகத் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மீதமுள்ளதை டர்பன்டைனில் நனைத்த துணி எடுக்கும். அது உறைந்த அரக்கைக் கரைப்பதில்லை, பழைய மெழுகை மட்டும் நீக்கும். அதன்பின் புதிதாக மெழுகு பூச வேண்டும்.

மேசைவிளக்கு

இழையை ஆர்வத்துடன் படித்துவருகிறேன். என்னிடம் உள்ள தேக்குக் கிண்ணம் உட்கலம் இல்லாதது, பரிசாக வந்தது. உள்ளே நான்கைந்து இடங்களில் கரிந்திருக்கிறது, விளிம்பில் ஒரு கருநீலக் கறையும் இருக்கிறது. வாடையும் போகவில்லை. இதை மீட்க முடியுமா?

ஈட்டிமரம்

முடியும் அம்மா. மூன்றும் மூன்று வகையான குறை. கரிந்த இடத்தை எந்த வேதிப்பொருளும் வெளுக்காது, ஏனெனில் அங்கே இருப்பது கரி. கூர்மையான சுரண்டியால் நல்ல மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பல இடங்களில் இருப்பதால் தனித்தனியாகச் சுரண்டிக் குழிகள் ஆக்குவதைவிட, ஒரு கடைசல்காரரிடம் கொடுத்து உட்பக்கம் முழுவதையும் சில மில்லிமீட்டர் கடைந்தெடுத்து, அப்போதே ஓர் உட்கலத்துக்கு இடமும் செய்துகொள்வது நல்லது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி விரைவில் மழுங்கும். அவர் சற்று அலுத்துக்கொள்வார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருநீலக் கறை இரும்பால் வந்தது. ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, கையுறை அணிந்து, அந்த முகப்பு முழுவதிலும் தடவினால் கறை வெளுக்கும். கறையில் மட்டும் தடவினால் வெளிறிய வட்டம் விழும். பிறகு பலமுறை நல்ல நீரால் துடைத்து உலர்த்துங்கள். அது நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது; காய்ந்தபின் உப்புத்தாள் போட்டால் எழும் தூசும் மூக்கில் ஏறக்கூடாது.

வாடை பெரும்பாலும் இழை வெட்டுப்பட்ட பகுதிகளில்தான் தங்கியிருக்கும். கடைந்தெடுத்தாலே பெருமளவு குறைந்துவிடும். மிச்சத்தை, காற்றோட்டமான நிழலில் சில நாள்கள் வைத்தபின், மெழுகு நீக்கிய அரக்கு இரண்டு கை பூசி உள்ளேயே அடைத்துவிடலாம். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள், வெடிக்கும்.

விளிம்பின் வெளிப்பக்கத்தில் ஓரிரு கரிந்த வடுக்கள் இருந்தால் அவற்றை நான் நீக்கமாட்டேன். அவை அந்தப் பொருள் பயன்பட்டதன் அடையாளம். சுத்தமாக்கி மெழுகிட்டால் கண்ணை உறுத்தாது.

உறையூர்க்காரர்

இடையே ஒரு சிறு குறிப்பு. ஈட்டியில் செய்து வெளிநாட்டு உறவினர்களுக்கு அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 2017 முதல் ஈட்டி சேர்ந்த பேரினம் ஏறத்தாழ முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. அனுப்புவதற்கு முன் வனத்துறையிடமோ ஏற்றுமதி அலுவலகத்திடமோ கேட்டு, தேவையான தாள்களைப் பெற்றுக்கொள்ளுங்கள். தூங்குமூஞ்சிக்கு அந்தக் கவலை இல்லை. ஈட்டியின் தூசு பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும் என்பதையும் இளங்கடைசல் தம்பி நினைவில் கொள்ள வேண்டும்.

இளங்கடைசல்

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு வரைந்த அளவுகளைப் பார்வைக்கு வைக்கிறேன். தூங்குமூஞ்சி, வெளிவிட்டம் 190 மில்லிமீட்டர், உயரம் 45. நடுவில் 116 மில்லிமீட்டர் குழி, அதில் 112 மில்லிமீட்டர் மாக்கல் உட்கலம், மூன்று தக்கைத் துண்டுகள்மேல். விளிம்பில் எதிரெதிராக இரண்டு பள்ளங்கள், அகலம் 22, பித்தளைத் தகடு பதித்தவை. அடியில் மூன்று ஈட்டிப் பாதங்கள். அரக்கு, அதன்மேல் மெழுகு. பள்ளங்களைச் சமமட்டமாக வெட்டலாமா, சாய்வாக வெட்டலாமா?

வெட்பாலை

உள்பக்கம் நோக்கி மிகச் சிறிதளவு சாய்வாக வெட்டுங்கள், 22 மில்லிமீட்டர் அகலத்துக்கு 3 மில்லிமீட்டர் சரிவு போதும் என்று சொல்லலாகாது. பள்ளத்தின் நீளத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். உங்கள் விளிம்பு 37 மில்லிமீட்டர் அகலம். உறையூர்க்காரர் சொன்ன 5 சென்டிமீட்டர் தாங்கலுக்கு அது போதாது. ஆகவே பித்தளைத் தகட்டை 15 மில்லிமீட்டர் உள்ளே நீட்டி, கலத்தின்மேல் நாக்குபோல நிற்கும்படி விடுங்கள். அந்த முழு நீளத்துக்கும் 3 மில்லிமீட்டர் சரிவு கொடுத்தால் சுருட்டு வெளியே உருளாது, சாம்பலும் தகட்டில் தங்காமல் கலத்துக்குள் விழும். நாக்கின் முனையை அரத்தால் உருட்டிவிட மறக்காதீர்கள்.

பாதங்களுக்கு இழைநீளம் செங்குத்தாக இருக்கட்டும். அடியில் கம்பளித் துணி முழுவதையும் ஒட்ட வேண்டாம், ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதத்துக்கு ஒரு சிறு வட்டம் போதும். குழியின் உட்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்தைப் போலவே அரக்குப் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய மரம் ஈரத்தைச் சமமின்றி இழுத்து வளையும்.

இளங்கடைசல்

அப்படியே செய்கிறேன் ஐயா. கல்சட்டி அவர்கள் சொன்னபடி சேலத்தில் உட்கலத்துக்கு அளவு கொடுத்திருக்கிறேன். அது கைக்கு வந்தபின்தான் குழியைக் கடைவேன்.

கல்சட்டி

கல் வந்ததும் ஒரு நாள் நீரில் ஊறவைத்து, நன்கு உலர்த்தி, உட்பக்கம் மட்டும் லேசாக எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். வெளிப்பக்கத்தில் எண்ணெய் படக்கூடாது, மரத்துக்கு இறங்கிவிடும். கலத்தைக் கழுவும்போதெல்லாம் முற்றிலும் உலர்ந்தபிறகே குழிக்குள் வைக்கும்படி மாமாவிடம் சொல்லிக் கொடுங்கள்.